நம்பாத பக்கத்துக்காக வாதாடுவது ஏன்? அமெரிக்கப் பள்ளி விவாதப் போட்டிகளின் விதிகள் பிறந்த கதை

பள்ளி விவாதப் போட்டிகளைப் பார்க்கும் பெற்றோர் வழக்கமாக மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள்.

1. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது ஏன்? பிள்ளை தான் நம்பாத ஒன்றுக்காக வாதாடலாமா?
2. நியாயமான கருத்தைப் பேசிய அணி தோற்பதும், ஏற்கவே முடியாத கருத்தைப் பேசிய அணி கோப்பையோடு போவதும் எப்படி?
3. அமெரிக்க மாணவர்கள் கட்டுக்கட்டாகத் தாள்களை வைத்துக்கொண்டு, கேட்பவருக்குப் புரியாத வேகத்தில் வாசித்துத் தள்ளுவது எதற்கு?

ஒரே மாணவர் இரு பக்கமும் பேசிப் பழகுவது பண்டைய கிரேக்கர் காலத்திலேயே இருந்த பயிற்சிதான். ஆனால் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி, கோப்பை, நடுவர் வாக்கு, மாநில அளவிலான இறுதிச் சுற்று என்று இன்று உலகம் முழுவதும் அறிந்திருக்கும் அமைப்பின் வேர்கள் பெரும்பாலும் 1890களுக்கும் 1930களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கின்றன. அந்த விதிகளைத் தத்துவ அறிஞர் எவரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. ரயில் செலவு, நூலகமே இல்லாத ஊர், நம்பகமான நடுவர் கிடைக்காத மாவட்டம் போன்ற தொல்லைகளுக்கு ஆசிரியர்கள் அவ்வப்போது கண்ட வழிகள்தாம் பிறகு விதிகளாக உறைந்துவிட்டன. அவற்றுக்குக் கொள்கை விளக்கம் சொல்லப்பட்டதெல்லாம் பின்னாளில்.

நான்கு வகை மேடைகள்

அக்காலத்துப் பேச்சுப் போட்டிகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை உண்மையில் நான்கு தனித்தனி வகைகள்.

1. ஒப்புவித்தல். பிறர் எழுதிய உரையை மனப்பாடம் செய்து, குரலேற்றத்தோடும் கையசைவோடும் சொல்வது. 1775ஆம் ஆண்டு பேட்ரிக் ஹென்றி வர்ஜீனியாவில் ஆற்றிய உரையும் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையும் சலிக்கச் சலிக்க ஒப்புவிக்கப்பட்டன.
2. சொற்பொழிவு. மாணவரே எழுதிய உரை. ஆனால் அதையும் மனப்பாடம் செய்தே பேச வேண்டும். பதில் சொல்ல எதிரே யாரும் இல்லை.
3. உடனடிப் பேச்சு. நாட்டு நடப்பைப் பற்றிய தலைப்பு ஒன்று சற்று நேரத்துக்கு முன்புதான் கையில் தரப்படும்.
4. விவாதம். ஒரு தீர்மானத்தை ஓர் அணி ஒட்டியும் மற்றோர் அணி வெட்டியும் பேசும். ஒவ்வொருவரும் முதலில் தம் வாதத்தை முன்வைத்து, பிறகு மறுப்புரை சொல்வார்கள். பொதுவாக முதலுரைக்குப் பத்து நிமிடம், மறுப்புரைக்கு ஐந்து நிமிடம்.

19ஆம் நூற்றாண்டில் முதல் இரண்டுமே கோலோச்சின. 1880களிலும் 90களிலும் சிறுவர் சிறுமியரைப் பெருமளவில் மேடையேற்றியவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர் அல்லர், நியூயார்க்கில் தையல் மாதிரித் தாள்களும் அவற்றுக்கான பத்திரிகையும் விற்றுப் பணம் சேர்த்த வில்லியம் ஜென்னிங்ஸ் டெமரஸ்ட். தீவிர மதுவிலக்குவாதியான அவர் 1886இல் ஒரு பதக்கத் திட்டத்தைத் தொடங்கினார். மதுவுக்கு எதிரான உரைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஊர்தோறும் அவற்றை இளைஞர்கள் ஒப்புவித்தார்கள். உள்ளூரில் வென்றவருக்கு வெள்ளிப் பதக்கம். வெள்ளி வென்றவர்கள் தங்கள் மட்டத்தில் மோதித் தங்கம் பெறலாம். தங்கம் வென்றவர்களுக்கு மேலே வைரம் வரை படிகள் இருந்தன. கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கமும் இதே முறையில் பதக்கப் போட்டிகளை நடத்தியது. கேட்க வந்த பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் மதுவிலக்குப் பிரசாரம் ஊட்டுவதே நோக்கம். பிள்ளைகள் அதற்கு வாயாக இருந்தார்கள்.

இந்தத் திட்டம் இரண்டு விஷயங்களைக் காட்டிக்கொடுத்தது. ஊரில் தொடங்கி மேலே மேலே போகும் படிநிலைப் போட்டி கூட்டத்தை இழுக்கும் என்பது ஒன்று. வேறொருவர் எழுதியதைத் திரும்பச் சொல்லும் பிள்ளை எதையும் ஆராயக் கற்பதில்லை என்பது மற்றொன்று. அடுத்த தலைமுறைக் கல்வியாளர்கள் முதலாவதை வைத்துக்கொண்டார்கள். இரண்டாவதை மாற்றப் பார்த்தார்கள்.

பல்கலைக்கழகம் ஏன் உள்ளே வந்தது?

இங்கே சில எண்கள் தேவை. 1890இல் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். 1910இல் அது 9 லட்சத்தைத் தாண்டியது. 1920இல் சுமார் 22 லட்சம். 1930இல் சுமார் 44 லட்சம். ஒரு தலைமுறைக்கு முன்பு வசதியான சிலருக்கு மட்டும் வாய்த்த படிப்பு, சிறு நகரத்துக் கடைக்காரர் பிள்ளைகளுக்கும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டியது. புதிதாக முளைத்த இந்தப் பள்ளிகளில் பலவற்றில் கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், நூலகம் இல்லை.

மறுபுறம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கவலை இருந்தது. அவை வரிப்பணத்தில் நடப்பவை. பிள்ளையைக் கல்லூரிக்கே அனுப்பாத விவசாயி எதற்காக அந்த வரியைக் கட்ட வேண்டும்? சார்ல்ஸ் வேன் ஹைஸ் தலைமையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கண்ட விடை, விரிவாக்கத் துறை. வளாகத்துக்குள் வர முடியாதவர்களிடம் பல்கலைக்கழகமே போக வேண்டும் என்ற எண்ணத்தில் 1900களின் பிற்பாதியில் அத்துறை புத்துயிர் பெற்றபோது, விவாதத்துக்கும் பொது விவகாரங்களைக் கலந்து பேசுவதற்கும் என்றே அதில் ஒரு தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. அம்மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகள் 1895லேயே விவாதத்துக்கான சங்கம் கண்டிருந்தன. பள்ளிகளுக்கான இத்தகைய அமைப்புகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

டெக்சஸில் 1910 டிசம்பரில், அபிலீன் நகரில் நடந்த மாநில ஆசிரியர் சங்க மாநாட்டில், உயர்நிலைப் பள்ளிகளின் விவாதக் கழகம் உருவானது. முன்னின்று நடத்தியவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மேடைப் பேச்சுக் கற்பித்த பேராசிரியர் எட்வின் ஷர்ட்டர். மறு ஆண்டே ஆஸ்டினில் மாநிலப் போட்டி. விரைவிலேயே ஒப்புவித்தலும் சேர்ந்தது. 1913 வாக்கில் தடகளப் போட்டிகளை நடத்திய அமைப்போடு இணைந்து, பல்கலைக்கழகப் பள்ளிகளிடைக் கழகம் என்ற பெயரைப் பெற்றது. இன்று டெக்சஸ் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை ஆட்டிப்படைக்கும் அதே கழகம்தான் இது. அதன் பிறப்புச் சான்றிதழில் பந்து இல்லை, பேச்சு இருக்கிறது என்பது அங்குள்ள பலருக்கே வியப்பளிக்கும் செய்தி.

வட கரோலினாவில் 1912-13ஆம் கல்வியாண்டில் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவும், 1795இல் தொடங்கிய இரண்டு மாணவர் சங்கங்களும் சேர்ந்து உயர்நிலைப் பள்ளி விவாத ஒன்றியத்தை அமைத்தன. அம்மாநிலக் கிராமப்புறங்களில் அரசு உயர்நிலைப் பள்ளிகளை நிறுவும் சட்டம் வந்ததே 1907இல்தான். பள்ளி வந்த ஐந்தாறு ஆண்டுகளில் விவாதமும் வந்துவிட்டது.

அஞ்சலில் வந்த நூலகம்

பல்கலைக்கழகத்தின் பங்கு கோப்பை கொடுப்பதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை அவ்வளவு முக்கியமானதாக இருந்திருக்காது. அவை அனுப்பிய பொட்டலங்களே உண்மையான புதுமை.

ஒரு கிராமத்து ஆசிரியர் தலைப்பைக் குறிப்பிட்டுக் கடிதம் போட்டால், அது குறித்த பத்திரிகைக் கட்டுரைகள், சட்டமன்ற உரைகள், துண்டு வெளியீடுகள், செய்தித்தாள் வெட்டுகள் எல்லாம் கட்டாக அஞ்சலில் வரும். குறித்த காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். விஸ்கான்சின் இதை முதலில் பெரிய அளவில் செய்தது. டெக்சஸ் பல்கலைக்கழகம் 1914இல் தன் பொட்டல இரவல் நூலகத்தைத் திறந்தது. அதற்கு முன்பே, 1902இல், கிராமத்து வீட்டு வாசல் வரை அஞ்சல் கொண்டுவரும் முறை நாட்டில் நிரந்தரமாகியிருந்தது. தனியார் பதிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. மினியாபொலிஸில் தொழில் நடத்திய எச். டபிள்யூ. வில்சன் நிறுவனம், ஒரு தலைப்புக்கு ஒரு நூல் என்ற கணக்கில் விவாதிகளுக்கான கையேடுகளை வெளியிட்டது. முதலில் இரு பக்க வாதங்களின் சுருக்கம், அடுத்து நூற்பட்டியல், பிறகு ஒட்டியும் வெட்டியும் தேர்ந்தெடுத்த கட்டுரைகள்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா (1913இல் சட்டமானது)? பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா (1920இல் நாடு முழுவதும் வந்தது)? எழுதப்படிக்கத் தெரியாத குடியேறிகளைத் தடுக்கலாமா (1917இல் தடுத்தார்கள்)? ரயில்வேயை அரசுடைமையாக்கலாமா? பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தரலாமா? 1900ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த கேல்வெஸ்டன் நகரம், மீண்டெழ ஆணையர் குழு ஆட்சியை ஏற்படுத்திக்கொண்டது. அந்த ஆட்சிமுறை மற்ற நகரங்களுக்கும் நல்லதா என்பதும் பள்ளிகளில் அடிபட்ட கேள்வி. எல்லாமே சட்டமன்றங்களில் அந்த ஆண்டே முட்டிமோதிக்கொண்டிருந்த விவகாரங்கள்.

இதனால் போட்டியின் தன்மையே மாறியது. ஒப்புவித்தலில் குரலும் முகபாவமும் போதும். விவாதத்தில் ஆதாரம் வேண்டும். எதிரணிக்கும் அதே பொட்டலம் போயிருக்கிறது என்பதால், நமக்குப் பிடித்ததை மட்டும் படித்துவிட்டு மேடையேற முடியாது. எதிரி என்ன சொல்வான் என்பதையும் படித்தாக வேண்டும். பதினாறு வயதுப் பையன் நகராட்சி முறைகளைப் பற்றி இரு பக்க ஆதாரங்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்த வீட்டில், அவன் தந்தையும் அவற்றில் ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்ப்பார் என்பதே விரிவாக்கத் துறையின் கணக்கு. மாணவர் விவாதம் முதியோர் கல்விக்கான மறைமுகக் கருவி. டெமரஸ்டின் உத்திதான், ஆனால் இம்முறை மேடையில் இரண்டு பக்கம் இருந்தது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு?

தீர்மானம் எப்போதும் மாற்றம் கோரும் வடிவத்திலேயே எழுதப்படும். “இன்னது செய்யப்பட வேண்டும்.” இதற்கும் காரணம் உண்டு. டப்ளின் ஆர்ச்பிஷப்பாக விளங்கிய ரிச்சர்ட் வாட்லி, 1828இல் வெளிவந்த தம் சொற்கலை நூலில் ஒரு கொள்கையை விளக்கினார். நடைமுறையில் இருப்பது அப்படியே தொடரலாம் என்று கொள்ள வேண்டும். மாற்றம் கேட்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுபவருக்கு உள்ள பொறுப்பு இங்கே ஒட்டி பேசும் அணிக்கு.

ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் 1895இல் எழுதிய வாதக்கலைப் பாடநூல் இந்தக் கொள்கையை வகுப்பறைக்கேற்ற பயிற்சியாக்கியது. பேசுவதற்கு முன் வாதத்தின் முழு எலும்புக்கூட்டையும் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே அதைத் தாங்கும் ஆதாரம் இருக்க வேண்டும். இதே பேக்கர் பின்னாளில் நாடகம் எழுதக் கற்றுத்தரும் பட்டறையால் இன்னும் பெரிய புகழ் பெற்றார். மோதலை எப்படிக் கட்டமைப்பது என்பதில் அவருக்குத் தனி மோகம் இருந்திருக்க வேண்டும்.

முக்கோணப் போட்டி

இனி முதல் கேள்விக்கு வரலாம்.

கல்லூரிகளுக்கிடையிலான விவாதங்களுக்குத் தொடக்கம் என்று பலரும் சொல்வது, 1892 ஜனவரியில் ஹார்வர்டும் யேலும் மோதியதை. இரண்டும் பணக்காரக் கல்லூரிகள், ரயிலேறிப் போய்வரலாம். பள்ளிகளால் அப்படி முடியவில்லை. அவர்கள் கைக்கொண்டது முக்கோண முறை. அது இப்படி நடக்கும்.

1. அருகருகே உள்ள மூன்று பள்ளிகள் சேர்ந்துகொள்ளும். அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். தீர்மானம் ஒன்றே.
2. ஒவ்வொரு பள்ளியும் இரண்டு அணிகளைத் தயார் செய்யும்: ஒட்டிப் பேச ஓர் அணி, வெட்டிப் பேச ஓர் அணி.
3. ஒட்டிப் பேசும் அணி சொந்த ஊரிலேயே இருக்கும். வெட்டிப் பேசும் அணி பயணம் போகும். அ பள்ளியின் அணி ஆ ஊருக்கு, ஆ பள்ளியின் அணி இ ஊருக்கு, இ பள்ளியின் அணி அ ஊருக்கு.
4. ஒரே இரவில் மூன்று ஊர்களிலும் விவாதம் நடக்கும்.

இதனால் கிடைக்கும் லாபங்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அணியின் பயணச் செலவு மட்டுமே. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கூட்டம், நுழைவுக் கட்டணம் வைத்தால் கொஞ்சம் வசூல். மிக முக்கியமாக, தீர்மானம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் யாருக்கும் அநியாயம் இல்லை. ஒட்டிப் பேசுவது எளிதான தலைப்பு என்றால், அந்த எளிமை மூன்று பள்ளிக்கும் சமம். வெட்டிப் பேசுவதன் கடினமும் சமம். வட கரோலினாவில் இரண்டு அணிகளும் வென்ற பள்ளிக்கு மட்டுமே பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில் நகரில் நடக்கும் இறுதிச் சுற்றுகளுக்குப் போகத் தகுதி. சாய்ந்த தலைப்பால் கிடைத்த ஒற்றை வெற்றி அங்கே செல்லாது.

ஆக, “எங்கள் பள்ளி இந்தக் கருத்தை நம்புகிறது” என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாத அமைப்பு இது. பள்ளிக்குள் யாரோ ஒருவர் தனக்கு ஒவ்வாத பக்கத்தை எடுத்தே தீர வேண்டும். இந்த நெருக்கடியை உண்டாக்கியது ரயில் செலவும் தலைப்புகளின் சாய்வும். மனத்தைப் பண்படுத்தும் தத்துவம் அன்று.

ரூஸ்வெல்ட்டின் கோபம்

எதிர்ப்பு பெரிய இடத்திலிருந்து வந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1913இல் வெளியிட்ட தன் வரலாற்றில், ஹார்வர்டில் படித்தபோது பேச்சுக்கலை பயிலாமல் போனதற்கு வருந்துவதாகவும், ஆனால் விவாதப் போட்டிகளில் சேராமல் போனதற்கு மகிழ்வதாகவும் எழுதினார். அவர் வாதம் நேரடியானது. எந்தப் பக்கம் கொடுத்தாலும் சரளமாகப் பேசு, உன் நம்பிக்கை என்ன என்பது முக்கியமில்லை என்று இளைஞர்களைப் பழக்குவது, நேர்மையற்ற பேச்சாளர்களை உருவாக்கும். நாட்டுக்குத் தேவை சரியானதை உறுதியாக நம்பும் இளைஞர்கள்.

இதற்கு மறுமொழி, அப்போதுதான் ஒரு தனித் துறையாகத் தலையெடுத்துக்கொண்டிருந்த பேச்சு ஆசிரியர்களிடமிருந்து வந்தது. அவர்கள் 1914இல் தங்களுக்கென்று தேசியச் சங்கம் கண்டு, 1915இல் ஒரு காலாண்டிதழும் தொடங்கினார்கள். அதன் முதல் ஆசிரியர் ஜேம்ஸ் ஓநீல். அவர் தரப்பின் வாதத்தை இப்படித் தொகுக்கலாம். பொய் சொல்வது என்றால் கேட்பவர் ஏமாற வேண்டும். விவாதப் போட்டியில் பக்கங்கள் ஒதுக்கப்பட்டவை என்பது அரங்கில் உள்ள அனைவருக்கும் தெரியும். ஏமாற யாரும் இல்லை. நடுவரும் தீர்மானம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. யார் திறமையாக வாதாடினார்கள் என்றுதான் சொல்கிறார்.

என் கணிப்பில் இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லவே இல்லை. ஓநீல் பேசியது அன்றிரவு அரங்கில் நடக்கும் ஏமாற்றைப் பற்றி. ரூஸ்வெல்ட் பயந்தது பத்து ஆண்டுகள் கழித்து அந்த மாணவன் எப்படிப்பட்ட அரசியல்வாதியாக வருவான் என்பதைப் பற்றி. மேலும் முக்கோண முறையில் ஒரு மாணவர் பெரும்பாலும் அந்த ஆண்டு முழுவதும் ஒரே பக்கத்தையே பேசினார். மறுபக்கத்தை ஆழமாகப் படித்தார், ஆனால் அதன் சார்பில் நின்று பேசவில்லை. இந்த நிலையில் ரூஸ்வெல்ட்டின் அச்சத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது: ஒதுக்கப்பட்ட பக்கத்தையே மாதக்கணக்கில் பேசிப் பேசி நம்பத் தொடங்குவது மனித இயல்பு. ஒரே நபர் இரு பக்கமும் மாறி மாறிப் பேசும் பிற்கால முறை அந்த அபாயத்தைக் குறைத்தது; எதையும் நம்பாமல் இருக்கப் பழகும் வேறோர் அபாயத்தைக் கூட்டியது.

நடுவர்: பட்டிமன்றத்திலிருந்து வேறுபடும் இடம்

இரண்டாவது கேள்வி நம் வாசகர்களைக் கூடுதலாகக் குழப்புவதற்குக் காரணம் பட்டிமன்றம். அங்கே நடுவரே நட்சத்திரம். இரு அணியும் பேசி முடித்த பின், தலைப்பைப் பற்றித் தம் சொந்தத் தீர்ப்பை அவர் சொல்வார். சபையின் மனநிலையையும் கணக்கில் கொள்வார். மகன்களா மகள்களா என்ற கேள்விக்கு விடை கேட்டுவிட்டுத்தான் கூட்டம் கலையும்.

அமெரிக்கப் பள்ளி விவாதத்தில் நடுவர் பொதுவாக மூன்று பேர், பெரிய சுற்றுகளில் ஐந்து பேர். உள்ளூர் வழக்கறிஞர், பாதிரியார், பக்கத்து ஊர்க் கல்வி அதிகாரி போன்றவர்கள். தனித்தனியே அமர்ந்து, ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், ‘ஒட்டி’ அல்லது ‘வெட்டி’ என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பான்மை வாக்கே முடிவு. திறமையைத்தான் மதிப்பிட வேண்டும் என்று விதி சொன்னாலும், ரயில்வே நிறுவனத்துக்காக வழக்காடும் ஒருவர், ரயில்வேயை அரசுடைமையாக்கச் சொல்லும் அணிக்கு மனமார வாக்களிப்பாரா? தோற்ற பள்ளிகள் எல்லாம் இதைக் கேட்டன.

இதிலிருந்து 1910களில் இரண்டு கட்சிகள் பிரிந்தன. சாதாரணக் குடிமக்களைக் கவர்வதே பேச்சின் பயன், எனவே நடுவர்கள், நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்களான ஜூரிகளைப் போலச் சாதாரணமானவர்களாக இருக்கட்டும் என்றது ஒரு கட்சி. வாதக்கலை பயின்ற ஒரே ஒரு வல்லுநர் போதும், ஆனால் அவர் எழுந்து நின்று தம் முடிவுக்கான காரணத்தை விளக்க வேண்டும் என்றது இன்னொன்று. காலப்போக்கில் வல்லுநர் கட்சி வென்றது. அதன் விலை பற்றி அப்போது அதிகம் யோசிக்கப்படவில்லை.

போர்க்காலப் பேச்சு, அரசியலமைப்புப் பேச்சு

எதிரணி இல்லாத பேச்சுப் போட்டி மறைந்துவிடவில்லை. அரசுக்கு அது இன்னும் பயனுள்ளதாக இருந்தது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், திரையரங்குகளில் படச்சுருள் மாற்றும் இடைவெளியில் நான்கு நிமிடம் போர் ஆதரவு உரையாற்றத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்டார்கள். 1918இல் அதன் சிறுவர் பதிப்பு பள்ளிகளில் போட்டியாக நடந்தது; தலைப்பு, போர்க் கடன் பத்திரம் வாங்குங்கள் என்பது. வாங்காதீர்கள் என்று பேச இடமில்லை.

1924இல் செய்தித்தாள்கள் கைகோத்து, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நாட்டு அரசியலமைப்பைப் பற்றிய தேசியச் சொற்பொழிவுப் போட்டியைத் தொடங்கின; இறுதிச் சுற்று வாஷிங்டனில். ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய அச்சங்கள் அடங்காத காலம் அது. கலிபோர்னியாவின் விட்டியர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அரசியலமைப்பு குறித்த சொற்பொழிவுப் போட்டிகளில் பேசிப் பரிசு பெற்ற மாணவர்களில் ஒருவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ரிச்சர்ட் நிக்சன். ஆண்டு 1929. அரசியலமைப்பு தரும் உரிமைகளோடு சேர்ந்து வரும் பொறுப்புகளைப் பற்றி அவர் பேசினார். அதே அரசியலமைப்பின் கீழ் பின்னாளில் அவர் பதவி விலக நேர்ந்ததைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

யாருக்கு மேடை இருந்தது?

டெக்சஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விவாதப் பிரிவுகள் நடந்தன. பெண்கள் மேடையேறினார்கள், ஆனால் ஆண்களை எதிர்த்து அல்ல.

கறுப்பின மாணவர்களின் நிலை வேறு. டெக்சஸ் கழகத்தில் உறுப்பினராக வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே அனுமதி. 1920 வாக்கில் ப்ரெய்ரி வியூ கல்லூரியை மையமாகக் கொண்டு கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனிக் கழகம் உருவாயிற்று. 1960களின் இறுதியில்தான் இரண்டும் ஒன்றாயின. குடியுரிமைப் பயிற்சி என்று சொல்லப்பட்ட போட்டி, மாநிலக் குடிமக்களில் ஒரு பெரும் பகுதியை அரை நூற்றாண்டுக்கு மேல் வெளியே நிறுத்தியிருந்தது.

வட கரோலினா ஒன்றியம் கொடுத்த கோப்பையின் பெயரே இந்த முரணைத் தாங்கி நின்றது. அது ஏகாக் நினைவுக் கோப்பை. 1901 முதல் 1905 வரை ஆளுநராக இருந்த சார்ல்ஸ் ஏகாக், பள்ளிகளைப் பெருக்கியதற்காகக் ‘கல்வி ஆளுநர்’ என்று போற்றப்பட்டவர். 1912 ஏப்ரலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், கல்வியைப் பற்றிய உரையின் நடுவிலேயே மேடையில் விழுந்து இறந்தார். விவாதக் கோப்பைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்றுதான் தோன்றும். ஆனால் அவர் ஆளுநராவதற்கு வழி செய்தது 1900ஆம் ஆண்டின் வெள்ளையர் மேலாதிக்கப் பிரசாரம். எழுத்தறிவுச் சோதனை வைத்துக் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக ஊர் ஊராகப் பேசியவரும் அவரே. அந்தத் திருத்தம் படிப்பறிவில்லாத வெள்ளையருக்கு மட்டும் சில ஆண்டுகள் விலக்கு அளித்தது. அந்த அவகாசத்துக்குள் அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் புதிய பள்ளிகளுக்குப் பின்னால் இருந்தது.

ஊர்க் கூட்டத்திலிருந்து வகுப்பறைக்கு

மூன்றாவது கேள்விக்கான விடை 1920களில் தொடங்குகிறது. 1923இல் கன்சாஸ் மாநிலத்தின் வின்ஃபீல்டு நகரில் உள்ள சவுத்வெஸ்டர்ன் கல்லூரி, பல அணிகளை ஒரே இடத்துக்கு அழைத்து அடுத்தடுத்துப் பல சுற்றுகள் நடத்தியது. ஒரு பயணச் செலவில் ஓர் ஆண்டின் விவாதங்கள். சிக்கனத்தில் முக்கோணத்தை விஞ்சிய முறை. பள்ளிகளும் அதை எடுத்துக்கொண்டன. 1925இல் விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரியில் புரூனோ ஜேக்கப் தொடங்கிய தேசியப் பேச்சுக் கழகம், மாணவர் பங்கேற்கும் ஒவ்வொரு போட்டிக்கும் புள்ளி தந்து, புள்ளிகளுக்கேற்பப் படிநிலைப் பட்டங்களும் வழங்கியது. நாடு தழுவிய முதல் போட்டி 1931இல் ரிப்பனிலேயே நடந்தது. அக்கழகம் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது.

அதே 1931இல் ஹூஸ்டன் நகரின் சாம் ஹூஸ்டன் உயர்நிலைப் பள்ளியின் விவாத அணியை, இருபத்திரண்டு வயது ஆசிரியர் ஒருவர் ஆஸ்டின் மாநில இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். ஜூரி முறையை மாற்றலாமா என்பது தீர்மானம். இறுதிச் சுற்றில் 3-2 என்று ஒரு வாக்கில் அணி தோற்றது. ஆசிரியர் பெயர் லிண்டன் ஜான்சன், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். அவ்வாண்டு இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருக்குச் செயலாளராக வாஷிங்டன் போனவர், அணியில் இருந்த இரண்டு மாணவர்களையும் பிறகு தம்மோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். விவாத அணி அரசியல் அலுவலகமாக மாறியதற்கு இவ்வளவு நேரடியான சான்று வேறு கிடைப்பது அரிது.

பல சுற்றுகள் கொண்ட போட்டி மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தது.

1. ஒரே நாளில் ஒரே அணி இரு பக்கமும் பேச முடிந்தது. பிறகு அது வழக்கமாகவும், அடுத்து விதியாகவும் ஆனது.
2. ஊர்மக்கள் கழன்றுகொண்டார்கள். ஒரே நேரத்தில் பல வகுப்பறைகளில் நடக்கும் விவாதத்துக்குக் கூட்டம் வராது. நுழைவுச் சீட்டும் விற்காது. வாதக்கலை தெரிந்த நடுவர் ஒருவர் மட்டும் எதிரே அமர்ந்தார்.
3. ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒரே தேசியத் தலைப்பு என்றானதும், ஆதாரங்களைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போக முடிந்தது. பொட்டலத்தில் வந்த வெட்டுகள் அட்டைப் பெட்டிகளாகப் பெருத்தன.

ஊர்ச் சபை எதிரே இருந்தவரை, கடைசி வரிசைக் கிழவருக்கும் புரியும்படி பேசுவது அணியின் பிழைப்பு. எதிரே இருப்பவர் குறிப்பேட்டோடு அமர்ந்த வல்லுநர் ஒருவர்தான் என்றால், நேரக் கட்டுப்பாட்டுக்குள் எத்தனை வாதங்களை அடுக்க முடியும் என்பதே கணக்காகிறது. மறுக்காமல் விட்ட வாதம் ஒப்புக்கொண்ட வாதமாக எழுதப்படும்போது, வேகமே ஆயுதம். அந்த அசுர வேகம் 1930களிலேயே வந்துவிடவில்லை, இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தது. அதற்கான அறையும் நடுவரும் தாள்கட்டும் 1931க்குள் தயாராகியிருந்தன.